மாத்திரைக்கும் தட்டுக்கும் ஒரே கடிகாரம்

விரதம் தொடங்கிய ஒன்பதாம் நாள், காலை பத்தே முக்கால் மணி. ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பேனா நகர்கிறது, எழுத்து கோணிக்கொண்டு போகிறது. பின்கழுத்தில் சில்லென்று வியர்வை. எதிரே நின்றவர் பேசுவது காதில் விழுகிறது, ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. காரணமே இல்லாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கைப்பையில் இருந்த குளுக்கோமீட்டரை எடுத்து விரலைக் குத்துவதற்கே இரண்டு முறை தவறினேன். திரையில் 58.

நான்கு வருடங்களாகச் சர்க்கரை நோயுடன் இருக்கிறேன். அதுவரை என் பயமெல்லாம் 200, 250 போன்ற எண்களைப் பற்றியது. 70-க்குக் கீழே போனால் அதுவும் ஆபத்து, 54-க்குக் கீழே போனால் அது அவசர நிலை என்பதெல்லாம் எங்கோ படித்திருந்ததுதான். என்னுடன் வேலை செய்யும் பெண் ஒரு தம்ளர் தண்ணீரில் நான்கு தேக்கரண்டி சர்க்கரையைக் கலக்கிக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 76. அதன் பிறகுதான் அறையின் சுவர்கள் பழைய இடத்துக்குத் திரும்பின.

நடந்தது மிக எளிமையான ஒரு தவறு. 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடிக்கும் இடைவெளி விரதத்தைத் தொடங்கியிருந்தேன். காலை உணவைப் பகல் 12 மணிக்குத் தள்ளிவிட்டேன். ஆனால் காலை உணவுக்கு முன் போட வேண்டிய கிளிமெபிரைடு மாத்திரையை, வழக்கம்போல ஏழு மணிக்கே போட்டுக்கொண்டிருந்தேன். மருந்துச் சீட்டில் ‘காலை, உணவுக்கு முன்’ என்று இருந்தது. அதில் ‘காலை’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ‘உணவுக்கு முன்’ என்பதை விட்டுவிட்டேன். விரதத்தைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சாப்பிடாமல் இருப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

கேட்டிருக்க வேண்டும். கிளிமெபிரைடு, கிளிகிளாசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பதுதான் அவற்றின் வேலை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை குறைந்துகொண்டிருந்தாலும் இன்சுலின் வந்துகொண்டேயிருக்கும். வெளியிலிருந்து போடும் இன்சுலின் ஊசிக்கும் இது பொருந்தும். நான் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்த மெட்ஃபார்மின் வேறு வகை. அது முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதை மட்டுப்படுத்துகிறது, தனியாகப் போட்டால் தாழ்சர்க்கரையை உண்டாக்குவது அரிது. ஒரே டப்பாவில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு மாத்திரைகள். ஒன்றுடன் நிம்மதியாகப் பட்டினி கிடக்கலாம், மற்றொன்றுடன் கூடாது. இதை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த நாளே மருத்துவரிடம் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் மீட்டரை வாங்கி, பழைய அளவுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தார். “விரதம் இருக்கலாம். ஆனால் நீங்கள் சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். மாத்திரைக்கும் தட்டுக்கும் ஒரே கடிகாரம்தான்” என்றார். கிளிமெபிரைடை முதலில் பாதியாகக் குறைத்து முதல் உணவுடன் சேர்த்தார், பிறகு அளவுகளைப் பார்த்து முழுவதுமாக நிறுத்தினார். மெட்ஃபார்மின் உணவுக்குப் பின் என்று தொடர்ந்தது. இது என் எண்களைப் பார்த்து எனக்காகச் செய்த மாற்றம். இதைப் படிப்பவர் யாரும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று அவர் சொன்ன வேறு சில செய்திகளையும் எழுதிவைத்தேன். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அவற்றைப் போடுபவர்கள் நீண்ட நேரம் சாப்பிடாமலும் தண்ணீர் குறைவாகக் குடித்தும் இருந்தால், இரத்தச் சர்க்கரை அவ்வளவாக உயராமலேயே கீட்டோ அமிலத்தன்மை என்ற ஆபத்தான நிலைக்குப் போகக்கூடும். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால், மீட்டரில் நல்ல எண் தெரிகிறதே என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது. பீட்டா பிளாக்கர் வகை இரத்த அழுத்த மாத்திரை போடுபவர்களுக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் மறைந்துவிடலாம், வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக மிஞ்சும். எடை குறையக் குறைய இரத்த அழுத்தமும் இறங்கும், அந்த மாத்திரையின் அளவையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

மாத்திரை சரியானது. தாழ்சர்க்கரை திரும்ப வரவில்லை. ஆனால் இரண்டாவது குழப்பம் தொடங்கியது, இது என்னை முதலாவதைவிட அதிகம் வாட்டியது.

இரவு படுக்கும்போது 118. அதன் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. காலை எழுந்து பார்த்தால் 149. மறுநாள் 121, காலையில் 152. வாயில் தண்ணீர் தவிர ஒன்றும் போகாத இரவில் முப்பது புள்ளிகள் எங்கிருந்து வந்தன? மீட்டர் பழுது என்று நினைத்தேன். ஸ்ட்ரிப் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்தேன். ஒரு காலை அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கட்டிலின் விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பசித்திருந்ததற்கு இதுதான் கூலியா என்று நெஞ்சு அடைத்தது.

விடை கல்லீரலில் இருந்தது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்துதான் விரதம் எனக்கு வசப்பட்டது என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் இருக்கிறது. சர்க்கரை அளவு 100 என்றால், ஒவ்வொரு டெசிலிட்டர் இரத்தத்திலும் 100 மில்லிகிராம் குளுக்கோஸ். கணக்குப் போட்டால், உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் கரைந்திருப்பது ஐந்து கிராம்தான், ஒரு தேக்கரண்டியை ஒட்டிய அளவு. மூளை மட்டும் ஒரு நாளைக்கு 120 கிராம் போல எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் சாப்பிடாத ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் தேக்கரண்டி காலியாகிக்கொண்டே இருக்கிறது, யாரோ நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ‘யாரோ’ கல்லீரல். உணவு வந்தபோது சேமித்த கிளைகோஜன் அதனிடம் நூறு கிராம் அளவில் இருக்கும். கணையத்திலிருந்து குளுக்ககான் என்ற ஹார்மோன் சைகை காட்டியதும் அதைப் பிரித்து இரத்தத்தில் விடும். அந்தச் சேமிப்பு குறையும்போது லாக்டேட், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால், புரதத்தின் அமினோ அமிலங்கள் ஆகியவற்றிலிருந்து புதிதாகச் சர்க்கரையைச் செய்யும். நாம் வாயை மூடியிருக்கும்போது உடலுக்கு ஊட்டுவது இந்த உறுப்பு.

சர்க்கரை நோய் இல்லாதவரிடம் இன்சுலின் ‘போதும்’ என்றதும் கல்லீரல் கையை இழுத்துக்கொள்கிறது. டைப் 2 வகைச் சர்க்கரை நோய் உள்ளவரிடம், அதிலும் கல்லீரலில் கொழுப்பு படிந்தவரிடம், அந்தச் சொல் சரியாகக் காதில் விழுவதில்லை. ஊட்டிக்கொண்டே இருக்கிறது. போதாததற்கு, விடியலை ஒட்டி உடல் நம்மை எழுப்பத் தயாராகும்போது கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் உயர்கின்றன. அவை இன்சுலினின் குரலை இன்னும் அமுக்குகின்றன. இதை விடியல் விளைவு என்கிறார்கள். என் 149 இரவு சாப்பாட்டின் மிச்சம் இல்லை, என் மனவுறுதியின் குறையும் இல்லை.

இரவில் சர்க்கரை தாழ்ந்து, அதற்கு எதிர்வினையாகக் காலையில் ஏறுகிறதா என்பதையும் பார்த்துவிடச் சொன்னார் மருத்துவர். மூன்று இரவுகள் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன். 112, 115, 109. தாழவில்லை. விடியலின் வேலைதான் என்று உறுதியானது. அந்த மூன்று இரவுகளில் எனக்குக் கிடைத்த நிம்மதி பெரிது. காலை எண்ணைக் குறைப்பதற்காக விரதத்தை 18, 20 மணி நேரம் என்று நீட்டிக்கொண்டே போக இருந்தேன். அதை அன்றோடு விட்டேன். கல்லீரலின் கொழுப்பு குறைந்தால் காலை எண்ணும் குறையும், அது மாதக்கணக்கில் நடக்கும் வேலை.

மீட்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் ஆய்வகத்தோடு ஒப்பிட 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டுவதை அனுமதிக்கிறது. நூற்றுக்கு 95 அளவீடுகள் அந்த எல்லைக்குள் இருந்தால் போதும். ஆகவே நேற்று 121, இன்று 128 என்றால் ‘ஏறிவிட்டது’ என்று சொல்ல முடியாது. பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து எண்ணாக வரும். தோலில் ஒட்டும் தொடர் கண்காணிப்புக் கருவி, செல்களுக்கு இடைப்பட்ட திரவத்தில் அளப்பதால் இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது அந்தச் சில நிமிடங்கள் முக்கியம். உடல் ஒன்று சொல்லி, கருவி வேறொன்று சொன்னால், விரலைக் குத்திப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து நேரம். என் எட்டு மணி நேரம் பகல் 12 முதல் இரவு 8 வரை என்று இருந்தது, அதுதான் எல்லோருக்கும் எளிது. வேலை முடிந்து வந்து குடும்பத்துடன் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் நோட்டுப் புத்தகம் வேறு கதை சொன்னது. ஒரே உணவை, ஒரே அளவில், ஒரு நாள் இரவு ஏழே முக்காலுக்கும் இன்னொரு நாள் காலை பத்துக்கும் சாப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்து இரவில் 212, காலையில் 158. ஒரு முறை என்றால் தற்செயல் எனலாம். நான்கு முறை செய்தேன், ஒவ்வொரு முறையும் இரவே தோற்றது.

மாலை ஏற ஏற உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது என்பது நன்கு அறியப்பட்ட ஒன்று. தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரத்தில் இன்சுலின் சுரப்பு மந்தமாகிறது. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த ஆண்கள் ஐந்து வாரம் தங்கள் உணவு முழுவதையும் ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே முடித்தார்கள். எடை குறையாதபடி உணவு கொடுத்தார்கள். அப்படியிருந்தும் அவர்களின் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது மேம்பட்டது. பங்கேற்றவர்கள் எட்டே பேர், எல்லோரும் ஆண்கள். அதை வைத்து உலகுக்கே விதி எழுத முடியாது. ஆனால் என் நோட்டுப் புத்தகம் சொன்னதையே அதுவும் சொன்னதால், என் நேரத்தை முன்னால் நகர்த்தினேன். காலை எட்டரைக்கு முதல் உணவு, மாலை ஆறரைக்குள் கடைசி உணவு. இரவும் விடியலும் சேர்ந்து பதினான்கு மணி நேர இடைவெளி. 16 என்ற எண்ணின் மீது எனக்கு இருந்த பக்தி அப்படித்தான் போனது.

இரவு மேசையில் எல்லோரும் சாப்பிடும்போது வெறும் தட்டின் முன் உட்கார்ந்திருப்பது கடினம். முதல் மாதம் வேறு அறையில் இருந்தேன். பிறகு மகள்தான், “அம்மா, நீங்கள் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, வந்து உட்காருங்கள்” என்றாள். இப்போது வெந்நீரோடு உட்காருகிறேன்.

விரதத்தை எதைக் கொண்டு முறிக்கிறோம் என்பதை நான் வெகு நாள் கண்டுகொள்ளவில்லை. நீண்ட இடைவெளிக்குப் பின் உடல் கொழுப்பை எரிக்கும் நிலையில் இருக்கிறது. இரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் மிகுந்திருக்கின்றன, தசைகள் சர்க்கரையை வாங்கத் தயாராக இல்லை. அந்த நேரத்தில் மாவுச்சத்தையும் இனிப்பையும் முதல் வாயாகக் கொட்டினால் அன்றைய நாளின் மிகப் பெரிய ஏற்றம் அங்கேயே நிகழ்கிறது. அதே உணவு இரண்டாவது வேளையாக வந்தால் அவ்வளவு ஏறுவதில்லை. நூறு வருடங்களாக மருத்துவர்கள் கவனித்து வரும் விஷயம் இது. நான் செய்த மாற்றம் தட்டில் இருந்ததைக் குறைக்கவில்லை, வரிசையை மட்டும் மாற்றியது. முதலில் காய்கறி, அடுத்து முட்டை அல்லது பயறு, கடைசியில் மாவுச்சத்து. என் மீட்டரில் இதனால் மட்டும் முப்பது, நாற்பது புள்ளிகள் குறைந்தன.

இதோடு பத்து நிமிட நடை. 2016-இல் நியூசிலாந்தில் டைப் 2 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று, நாளுக்கு ஒரு முறை 30 நிமிடம் நடப்பதையும் ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் 10 நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டது. உணவுக்குப் பின் நடந்தபோது சாப்பிட்ட பிறகான சர்க்கரை மேலும் குறைந்தது, இரவு உணவுக்குப் பிறகு அந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. இயங்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன்.

விரதத்தைப் புகழ்ந்து எழுதப்படும் பலவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. 2022-இல் சீனாவில், உடல் பருமன் உள்ளவர்களிடம் ஒரு வருடம் நடந்த ஆய்வில், கலோரியைக் குறைத்துச் சாப்பிட்ட இரண்டு குழுக்களில் ஒன்று மட்டும் எட்டு மணி நேர எல்லைக்குள் சாப்பிட்டது. எடை குறைவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிரிட்டனில் மைக் லீன், ராய் டெய்லர் ஆகிய மருத்துவர்களின் குழுவினர் நடத்திய டைரக்ட் ஆய்வின் முதல் முடிவுகள் 2017-இல் வந்தன. நாளுக்கு 850 கலோரி அளவிலான உணவில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரையில்லாமல் நோய்த் தணிவு நிலையை எட்டினார்கள். அங்கே இடைவெளி விரதமே இல்லை. எடை இறங்கி, கல்லீரலிலும் கணையத்திலும் இருந்த கொழுப்பு கரைந்ததுதான் காரணம். கடிகாரம் எனக்கு உதவுவது, இரவு எட்டு மணிக்கு மேல் கை தானாகத் தேடும் தின்பண்டங்களிலிருந்து என்னைக் காப்பாற்றுவதால்தான். ஒருவருக்கு அந்தப் பழக்கமே இல்லையென்றால் விரதம் அவருக்குப் பெரிதாக எதுவும் தராமல் போகலாம். அதில் குறையொன்றும் இல்லை.

ஆறு மாதத்தில் என் ஹெச்பிஏ1சி 8.1-இலிருந்து 6.9-க்கு இறங்கியது. காலை எண் இப்போது பெரும்பாலும் 115-ஐச் சுற்றி இருக்கிறது. ஹெச்பிஏ1சி என்பது இரண்டு, மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரி என்பதையும் நினைவில் வைத்திருக்கிறேன். 58-உம் 212-உம் சேர்ந்தால்கூட அழகான சராசரி வந்துவிடும்.

சில கட்டுப்பாடுகளை நான் மீறுவதே இல்லை. 70-க்குக் கீழே போனால் மணி என்னவாக இருந்தாலும் விரதம் அங்கேயே முடிந்தது: 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடக் காத்திருப்பு, மறுபடி அளவு, பிறகு உணவு. இன்னும் ஐந்து நிமிடம்தானே என்று காத்திருப்பதில்லை. 300-ஐத் தாண்டினாலும் விரதம் இல்லை, மருத்துவருக்குத்தான் அழைப்பு. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் விரதம் இல்லை. காலையில் அளக்காமல் வண்டி ஓட்டுவதில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள், உணவோடு மனப் போராட்டம் நடத்தி மீண்டவர்கள், தாழ்சர்க்கரை வந்தாலும் அறிகுறியே தெரியாதவர்கள் இதன் பக்கம் வர வேண்டாம். டைப் 1 உள்ளவர்கள் நெருங்கிய மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் முயலவே கூடாது.

போன வாரம் என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். “அக்கா, உன்னைப் பார்த்து நானும் நாளையிலிருந்து தொடங்கப் போகிறேன்” என்றான். குரலில் அவ்வளவு உற்சாகம். அவன் காலையும் இரவும் இன்சுலின் போடுபவன்.

“டப்பாவை எடுத்துக்கொண்டு வா. என்னென்ன போடுகிறாய், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எல்லாவற்றையும் படி” என்றேன்.

ஒவ்வொன்றாகப் படித்தான். நான் எழுதினேன். ஊசி இரண்டு, மாத்திரை மூன்று. அவற்றில் ஒன்று கிளிமெபிரைடு.

“நாளைக்கு வேண்டாம். முதலில் மருத்துவரிடம் இந்தத் தாளைக் காட்டு. அவர் சொல்லும்வரை எப்போதும்போல் சாப்பிடு, எப்போதும்போல் ஊசி போடு. அதுவரை ஒரு வேலை மட்டும் செய், நாளுக்கு நான்கு முறை அளந்து எழுதிவை.”

சற்று நேரம் மௌனமாக இருந்தான். “வியாழக்கிழமைதான் நேரம் கிடைக்கும், அக்கா” என்றான்.

“வியாழன் வரை காத்திரு.”

அன்று இரவு படுக்கப் போகும் முன் அவனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: 164. நானும் எழுந்துபோய்க் கையைக் கழுவி, விரலைக் குத்தி, என் எண்ணை அவனுக்கு அனுப்பினேன்: 121.